வீதியும் கூடாரமும்

விடுமுறை என்பது உறங்குவதற்கும் உறவினர் வீட்டுக் கலியாணங்களுக்குச் சென்று வருவதற்கும் ஏற்பட்ட காலம் என்னும் கருத்து எம் ஆசிரியர் மத்தியில் வேரூன்றிவிட்டது. சற்று வசதியுடையோர் கொழும்புக்குப் போவர். மேலும் வசதியுடையோர் கடல் கடப்பர். பிறந்த நாட்டைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எம்மிற் பலருக்கு எழுவதில்லை. எழுந்தாலும் அது நிறைவேறக்கூடிய நிலை நெடுங்காலம் இருந்ததில்லை. வீதி எல்லார்க்கும் பொதுவானது என்று குடியியற் பாடத்திலே படிப்பிக்கின்றோம். ஆனால் அதைப் படிப்பிக்கும் எம் தலைமுறையினரோ, இளமையின் பெரும்பகுதியை அடைபட்ட வீதியொன்றின் ஓரத்திலேயே கழித்தவர்கள்.

கண்டி வீதியின் வரலாற்றை வடபகுதியார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 க்குப் பின்னர் ஆனையிறவு வழி அற்றுப்போன காலத்திலே கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகேறிக் கடந்தவர்கள் பல்லாயிரவர்; மறுகரை காணாதவர்களும் உளர். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டது. 2009 இல் போர் முடிவுற்ற பின்னரே மறுபடியும் மக்களுக்கு அது வழியாயிற்று. பின்னர் 2022 இல் வீதி திறந்திருந்தும் வண்டிக்குப் பெற்றோல் இல்லாது போயிற்று. இவ்வாறு ஆண்டுக்காண்டு தள்ளிப்போன பயணமொன்று, ஈற்றில் அண்மைய ஆகஸ்ட் விடுமுறையொன்றிலே எமக்குக் கைகூடியது.

திட்டம் எளிமையானது. நாட்டின் வடமுனையிலே பருத்தித்துறையிற் புறப்பட்டுத் தென்முனையாகிய தெய்வேந்திரமுனை வரை செல்வது. அறுநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழியை எட்டு நாளிற் சென்று திரும்புவது. ஆசிரியர் சம்பளம் விடுதி வாடகைக்குத் தாங்காதாகையால், இயன்ற இடங்களிலே கூடாரமடித்துத் தங்குவது. நண்பரொருவர் தமது பழைய வானை இரவல் தந்தார். கொழும்பிலே தொழில் புரியும் உறவினரொருவர் இரு கூடாரங்களை அனுப்பிவைத்தார். மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, மிளகாய்த்தூள், பருத்தித்துறைத் தட்டைவடை, புழுக்கொடியல், பனங்கட்டி என வண்டி நிறைந்தது. பயணிகள் ஐவர்: நாம், எம் துணைவியார், பதினான்கு வயது மகன், பத்து வயது மகள், துணைவியாரின் தாயார்.

அயலார் சிரித்தனர். நல்லூரிலே கொடியேறும் காலத்தில் ஊரைவிட்டுப் போவதா என்று சிலர் கடிந்தனர். அவர்களுள் ஒருவர் கேட்ட கேள்வி மாத்திரம் வழி நெடுக எம்மைத் தொடர்ந்து வந்தது: "வீடு வாசல் இருக்கச் சீலையைக் கட்டிக்கொண்டு காட்டிலை போய்ப் படுக்கிறதிலை என்ன புழுகம்?"

அக்கேள்வியை மாமி கேட்கவில்லை. அவருக்கு எழுபத்தாறு வயது. வலிகாமம் வடக்கிலே செம்மண் காணியில் வெங்காயமும் புகையிலையும் செய்து வாழ்ந்த குடும்பத்தவர். 1990 ஜூனில் அவ்வூரைவிட்டு வெளியேறினார். 1995 ஒக்டோபர் இறுதியில், வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தபோது, மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். பின்னர் மகன் குடும்பத்தோடு வன்னிக்குச் சென்றார். 2009 இல் வவுனியாப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்களுள் ஒருவரானார். அங்கே பல மாதங்கள் அவர் வாழ்ந்தது ஒரு கூடாரத்திலேதான். அவருடைய காணி இன்றும் அதியுயர் பாதுகாப்பு வலயத்தின் வேலிக்கு அப்பாலே கிடக்கின்றது. பயணத்துக்கு வரச் சம்மதித்தபோது அவர் கூறியது ஒன்றே: "வாறன். ஆனால் உதுக்குள்ளை நான் படுக்கமாட்டன், பிள்ளை."

விடியுமுன் புறப்பட்டோம். ஆனையிறவிலே சூரியன் எழுந்தது; இருபுறமும் நீரும் உப்பும் வெள்ளிப் பாளங்களாய் ஒளிவிட்டன. சோளகக் காற்று வண்டியை ஒருபக்கமாய்த் தள்ளியது. முறிகண்டியிலே எல்லா வண்டிகளையும் போல எமது வண்டியும் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்களும் உடையாதவர்களும் கச்சான் வாங்காமற் செல்வதில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் வேடிக்கையாயிருந்தது. கைகளை யன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்தார்கள், குளங்களை எண்ணினார்கள், மயிலைக் கண்டு கூவினார்கள். வவுனியா கடந்ததும் ஊர்ப்பெயர்ப் பலகைகளிலே சிங்களம் மேலேறியது; மகன் எழுத்துக்கூட்டி வாசித்துத் தான் பாடசாலையிற் கற்ற இரண்டாம் மொழியை முதன்முறையாகப் பயன்படுத்தினான். ஒரு மொழியைச் சோதனைத்தாளிலே சந்திப்பதற்கும் வீதியிலே சந்திப்பதற்குமுள்ள வேறுபாடு அன்று அவனுக்கு விளங்கியது.

முதலிரவு தம்புள்ளைக்கு அண்மையிலே, கண்டலமைக் குளத்துக்கு அப்பால், ஒரு சிங்கள விவசாயியின் காணியிற் கழிந்தது. சிறு தொகை பெற்றுக்கொண்டு வழிப்போக்கர்க்கு இடங்கொடுப்பவர் அவர். யானை வராதிருக்க மின்வேலி போட்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் முளையடித்துக் கயிறிழுத்துக் கூடாரத்தை நிறுத்திய விதம் ஒரு வீட்டுக்கு அத்திவாரமிட்டவர்களைப் போன்றிருந்தது. மாமி வெளியே பலகையொன்றில் அமர்ந்து, அக்காணிக்காரர் தட்டிகளிற் பரப்பியிருந்த பெரிய வெங்காயத்தையே உற்றுநோக்கியிருந்தார். சிறிது நேரத்தின்பின் எழுந்து சென்று ஒரு வெங்காயத்தைக் கையிலெடுத்து, கழுத்தை நெரித்துப் பார்த்து, "இன்னும் காயவேணும்" என்றார். மகன் மொழிபெயர்த்தான். விவசாயி வியந்து நிமிர்ந்தார்.

அதன்பின் நிகழ்ந்த உரையாடலை எந்தத் தேசிய ஒருமைப்பாட்டு மாநாட்டிலும் நாம் கேட்டதில்லை. எமது சின்ன வெங்காயத்தை அவர் "ரத்து லூணு" என்றார். அது சிவப்பு என்பதை மாமி விரலாற் காட்டி ஒப்புக்கொண்டார். 1970 க்கும் 1977 க்கும் இடையில் இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்திலே வெங்காயமும் மிளகாயும் விற்றுக் கல்வீடு கட்டிய கதையை மாமி சொன்னார். 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்த கதையையும் சொன்னார். அறுவடைக் காலத்திலேயே வெளிநாட்டு வெங்காயம் வந்து குவிவதைப் பற்றி அவர் சொன்னார். 2021 இல் செயற்கை உரத்தின் இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டு, பயிர் கருகியபின் நவம்பரிலே தடை நீக்கப்பட்டதை நினைவுகூர்ந்து சிரித்தார். அச்சிரிப்பிலே மகிழ்ச்சி இருக்கவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியமான மொழி பேசுவோர். ஆயினும் விலையைத் தாம் தீர்மானிக்க முடியாத ஒரு பொருளை விளைவிப்போர் என்ற வகையிலே ஒரே மொழி பேசினர்.

அன்றிரவு பிள்ளைகள் கூடாரத்தின் வாயிலைத் திறந்துவைத்து விண்மீன்களைப் பார்த்தபடி உறங்கினர். குளத்துப் பக்கமிருந்து பறவைகளின் ஓசை வந்துகொண்டிருந்தது. மாமி வானின் பின்னிருக்கையிலே, கதவை உட்புறம் பூட்டிக்கொண்டு, சேலைத்தலைப்பாற் போர்த்தபடி படுத்தார்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வழி, கண்ணுக்கு இனியது. வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்வளவு இனியதன்று. 1848 இல் ஆள்பதி ரொறிங்டனின் ஆட்சியிலே வீதிச் சட்டமொன்று வந்தது. பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயதுவரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியிலே கூலியின்றி உழைக்க வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும். அவ்வீதிகளாற் பெரும் பயன் பெற்றவர்களோ கோப்பித் தோட்ட முதலாளிகள். அவ்வாண்டு மாத்தளையிலே மூண்ட கிளர்ச்சிக்கு ஏனைய வரிகளோடு இச்சட்டமும் காரணமாயிற்று. கொங்காலேகொட பண்டா ஜூலையிலே தம்புள்ளையில் மன்னனாக முடிசூட்டப்பெற்றான். புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8 ஆந் திகதி கண்டியிலே சுட்டுக்கொல்லப்பட்டான்.

இதே வழியாற்றான் இன்னொரு கூட்டமும் நடந்தது. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், ஏறக்குறைய 150 மைல் தூரம் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலையேறினர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. வீழ்ந்தவர்களை வீழ்ந்த இடத்தில் விட்டுவிட்டு எஞ்சியோர் நடந்தனர். 1914 இலே தலைமன்னாருக்கு இருப்புப்பாதை திறக்கப்படும்போது, அவர்தம் உழைப்பாற் கோப்பி முளைத்து, நோயாற் பட்டு, அவ்விடத்திலே தேயிலை தழைத்துவிட்டது. 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். ஆகஸ்ட் 12 ஆந் திகதி மாத்தளையை அடைந்தனர். இவ்விவரங்களைப் பிள்ளைகளுக்குக் கூறியபோது மகள் கேட்டாள்: "அவையள் இரவிலை எங்கை படுத்தவை? கூடாரம் கொண்டு வந்தவையோ?" நெடும்பயணத்துக்குக் கூடாரம் வேண்டுமென்று அவள் அப்பொழுதுதான் கற்றிருந்தாள்.

அவளுடைய கேள்விக்கு வீதி விரைவிலேயே விடை தந்தது. கண்டியில் ஓரிரவு உறவினர் வீட்டிற் தங்கிவிட்டு, கம்பளை, புசல்லாவை வழியாக மேலேறினோம். றம்பொடைக் கணவாய்க்கு மேலே தோட்டமொன்றின் விளையாட்டுத் திடலிலே அனுமதி பெற்றுக் கூடாரமடித்தோம். இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலே தோட்டம் என்பது கிணற்றைச் சூழ்ந்த சிறுநிலம்; பெரும்பாலும் உழைப்பவனுக்கு உரியது. அங்கும் நிலமற்றவர்கள் குத்தகைக்குச் செய்தார்கள் என்பதையும், அவர்கள் எச்சாதியினர் என்பதையும் மறந்துவிடலாகாது. எனினும் "என்ரை தோட்டம்" என்று சொல்லும் உழைப்பாளி அங்கே உண்டு. மலையகத்திலே அச்சொல்லை உழைப்பாளி சொல்வதும் "எங்க தோட்டம்" என்றுதான். ஆனால் ஐந்து தலைமுறை உழைத்தும் அதில் ஒரு பிடி மண்ணும் அவனுடையதன்று. ஒரே தமிழ்ச்சொல் மலையடியிலே ஒரு பொருளையும் மலையுச்சியிலே அதற்கு நேர்மாறான பொருளையும் தருகின்றது.

இரவு எட்டு மணிக்கு மழை தொடங்கியது. தென்மேற்கிலிருந்து வந்த அம்மழை நின்று பெய்தது. காற்று ஒரு கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கியது. மற்றதன் அடியால் நீர் புகுந்தது. பிள்ளைகள் முதலிற் சிரித்தனர்; பின்னர் நடுங்கினர். அப்பொழுது கீழேயிருந்து விளக்கொன்று மேலேறி வந்தது. தலையிலே சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்த ஒரு பெண்மணி, "சின்னப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு இந்த மழையில எப்படிங்க இருப்பீங்க? லயத்துக்கு வாங்க" என்றார். அது வேண்டுகோளன்று, கட்டளை.

லயத்தின் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு, பின்னே அடுப்படி. அதிலே ஆறு பேர் வாழ்ந்தனர். அன்றிரவு நாம் ஐவரும் சேர்ந்தோம். ரொட்டியும் சம்பலும் சூடான தேத்தண்ணியும் வந்தன. எங்கே படுப்பது என்று எவரும் கேட்கவில்லை. இடம் எப்படியோ உண்டாகியது. வெள்ளையர் காலத்திலே, தொழிலாளர் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பிவிடுவர் என்னும் எண்ணத்தோடு கட்டப்பட்டவை லயங்கள். ஒரு தற்காலிகம் ஒன்றரை நூற்றாண்டு நீடித்துவிட்டது. கூடாரத்துக்கும் லயத்துக்குமுள்ள வேறுபாடு தகரக் கூரையேயன்றி வேறில்லை. இரண்டும் நிலத்தின்மீது உரிமையின்றி நிற்பவை. 2015 க்குப் பின்னர் ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்னும் திட்டம் தொடங்கிற்று. சில இடங்களில் அவ்வீடுகளையும் கண்டோம். எம்மை வரவேற்ற குடும்பத்துக்கு அது இன்னும் செய்தியாகவே இருந்தது.

அவ்வீட்டின் மூதாட்டியும் மாமியும் அடுப்படியிலே நெடுநேரம் கதைத்திருந்தனர். மூதாட்டியின் தமையன் 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கென எண்ணப்பட்ட ஐந்தேகால் இலட்சம் பேரில் ஒருவன். இரயிலேறித் தலைமன்னாருக்குச் சென்று கப்பலேறினான். தங்கையின் குடும்பம் 1977 கலவரத்தின் பின்னர் வவுனியாப் பக்கம் சென்று குடியேறிற்று. வடக்குக்கு ஓடிவந்த அம்மக்களை எமது சமூகம் எவ்வாறு வரவேற்றது? காடு வெட்டவும் காவலிருக்கவும் வேலியோரத்திற் கூலியாய் நிற்கவும் அவர்களை வைத்துக்கொண்டு, பின்னாலே "தோட்டக்காட்டார்" என்று ஏளனஞ் செய்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்ததைக் கண்டிக்கும் வாய்களே அச்சொல்லையும் உதிர்த்தன. 2009 இல் அத்தங்கையின் குடும்பமும் முகாமுக்குள் அடைபட்டது. மூதாட்டி கேட்டார்: "நீங்க இருந்த முகாமிலயாம்மா அவங்களும் இருந்தாங்க?" பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் இருவரும் நினைவைத் துழாவினர். மாமிக்கு அப்பெயரில் மூன்று பேரைத் தெரியும். எவரும் அவரல்லர்.

அன்றிரவு மாமி நன்றாக உறங்கினார். காலையில் மகள் காரணங் கேட்டாள். "கதவொண்டு இருக்குத்தானே, குஞ்சு. அது காணும்" என்றார். கூடாரத்துக்குக் கதவில்லை என்பதே அவருடைய முறைப்பாடு என்று அப்பொழுதுதான் எமக்கு விளங்கியது. முகாமிலே இரவு நேரத்தில் ரோச் வெளிச்சம் சீலையூடாக வரும். யார், எதற்காக வருகிறார் என்று உள்ளிருப்போர்க்குத் தெரியாது. தட்டிவிட்டு உள்ளே வருவதற்கு ஒரு கதவு வேண்டும். வராதே என்று சொல்வதற்கும் வேண்டும்.

நுவரெலியாவைக் கடந்து அப்புத்தளையை அடைந்தபோது வானம் வெளுத்திருந்தது. மலையின் அப்புறத்திலே மழையில்லை, காற்று மாத்திரமே. அங்கே கழித்த இரவு பயணத்திலேயே மகிழ்ச்சியானது. கீழே தெற்குச் சமவெளி முழுவதும் விளக்குகளாய் விரிந்து கிடந்தது. மகன் எந்த விளக்கு கடல், எந்த விளக்கு ஊர் என்று வாதிட்டான். துணைவியார் அடுப்பிலே கஞ்சி காய்ச்சினார். இத்தகைய இரவு ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்க்க வேண்டும் என்று நினைத்தோம். இப்போதும் அவ்வாறே நினைக்கின்றோம்.

மறுநாள் பெரகலையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வழியிலே கொஸ்லந்தையை நெருங்கினோம். அப்பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்திலே 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என்று மகன் கேட்டான். எங்கே போவது என்பதுதான் மறுகேள்வி. சொந்த நிலமில்லாதவனுக்கு எச்சரிக்கை என்பது விடை சொல்லப்படாத ஒரு வினா மாத்திரமே. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். மீண்டும் ஒரு முகாம். மீண்டும் ஒரு தற்காலிகம்.

வெல்லவாயாவுக்குப் பின் நிலம் வறண்டு சமதளமாகியது. தணமல்வில வழியே அம்பாந்தோட்டையை அடைந்து, மாலையிலே தங்காலைக்கு அண்மையில் ஒரு மீனவக் குடியிருப்பின் ஓரத்துக் கடற்கரையிற் தங்க இடங்கேட்டோம். படகுகளுக்கு அப்பால் தென்னைகளின் கீழே இடங்காட்டினார்கள். பருத்தித்துறையார்க்குக் கடல் புதிதன்று. ஆயினும் இக்கடல் வேறு. எமது கடலுக்கு அப்பால் தமிழகம் உண்டு. இக்கடலுக்கு அப்பால் தென்துருவக் கண்டம்வரை நிலமே இல்லை.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை. அம்பாந்தோட்டையிலே ஞாயிற்றுச் சந்தை கூடியிருந்த வேளையிற் கடல் ஏறிவந்தது. அதன்பின்னர் இக்கரை முழுவதும் வெள்ளைக் கூடாரங்கள் முளைத்தன. எமது வடமராட்சிக் கரையிலும் அவ்வாறே. கடலிலிருந்து தெற்கிலே 100 மீற்றருக்குள்ளும் வடகிழக்கிலே 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. மீனவனின் குடிசைக்குப் பொருந்திய அவ்விதி உல்லாச விடுதிகள் யாவற்றுக்கும் அவ்வாறே பொருந்தவில்லை. அக்குடியிருப்பைச் சேர்ந்த மூதாட்டியொருவர் எமது கூடாரங்களை வந்து சுற்றிப் பார்த்தார். தானும் ஒன்பது மாதம் இத்தகைய ஒன்றில் வாழ்ந்ததாகவும், நண்பகலிலே உள்ளே இருக்க முடியாதென்றும், மழையிலே ஒழுகுமென்றும், அதிலே ஒரு பேரக்குழந்தை பிறந்ததென்றும் கூறினார். காசு கொடுத்து இதில் வந்து படுக்கிறார்களே என்று அவர் எமது மகனிடம் வினவியபோது, யாழ்ப்பாணத்து அயலாரின் குரலையே நாம் கேட்டோம். நாட்டின் இரு முனைகளிலும் ஒரே கேள்வி.

இருள் சூழ்ந்தது. பிள்ளைகள் உள்ளே சென்றனர். மாமி வழக்கம்போல வெளியே அமர்ந்திருந்தார். மூதாட்டி தமது வீட்டிலிருந்து பாயொன்றைக் கொணர்ந்து விரித்து, அருகே அமர்ந்து, நீங்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று சைகையாற் கேட்டார். மாமி எம் பக்கந் திரும்பிச் சொன்னார்:

"எங்கடை வளவு விடுபடட்டும், தம்பி. அங்கை கிணத்தடியிலை உதைக் கொண்டுவந்து கட்டுங்கோ. அண்டைக்கு நான் உதுக்குள்ளை படுக்கிறன்."

மகன் மொழிபெயர்க்க முயன்றான். "வளவு" என்பதற்கு "வத்த" என்னும் சொல்லை எடுத்தான். மூதாட்டி தலையசைத்தார். அவருக்கு அதற்குமேல் விளக்கந் தேவைப்படவில்லை. இருவரும் அப்பாயிலேயே கடலைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தனர். எப்பொழுது உறங்கினர் என்பதை நாமறியோம்.

மறுநாட் காலை தெய்வேந்திரமுனையிலே, 1890 இல் ஒளியேற்றப்பட்ட வெளிச்சவீட்டின் அடியில் நின்றோம். ஏறக்குறைய ஐம்பது மீற்றர் உயரமான அவ்வெள்ளைத் தூணைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தனர். நாட்டின் தலையும் காலும் தமக்குத் தெரியுமென்று இனி அவர்கள் கூறலாம். அவ்வுரிமை அவர்களுக்குக் கிடைத்தமை குறித்து மகிழ்கின்றோம்.

வாசகர் கேட்கக்கூடும்: இத்தனை துயரங்களையும் கண்டபின் கூடாரமடித்து மகிழ்வது தகுமா? தகும் என்பதே எமது விடை. பிள்ளைகள் விண்மீனைப் பார்த்தது குற்றமன்று; எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வாய்க்காததே குற்றம். கூடாரத்தில் இன்பத்தைத் தருவது சீலையுமன்று, காற்றுமன்று. விடிந்ததும் அதை மடித்துக்கொண்டு செல்வதற்கு ஒரு வீடு உண்டு என்னும் உறுதியே அது. அவ்வுறுதியை நீக்கிவிட்டால் அதே சீலை முகாமாகின்றது. அதற்குத் தகரம் போட்டால் லயமாகின்றது. ஆகவே நிற்பதற்கு நிலமும் செல்வதற்கு வீதியும் இரு வேறு உரிமைகள் அல்ல. முன்னதை இழந்தவனுக்குப் பின்னது வெறும் அலைச்சல். பின்னதை இழந்தவனுக்கு முன்னது சிறை. எம் தலைமுறை இரண்டையும் இழந்து பார்த்தது.

வெங்காயக்காரரும் கொழுந்தெடுப்பவரும் மீனவப் பெண்ணும் ஒருவரையொருவர் அறியார். அறியாதிருக்கும்வரை அவர்களைப் பிரித்தாள்வோர்க்கு வேலை எளிது. ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் மாணவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கின்றோம். மிருகக்காட்சிச்சாலையைக் காட்டுகின்றோம், பூங்காவைக் காட்டுகின்றோம், திரும்பிவிடுகின்றோம். ஒருமுறை அவர்களைப் பெருவீதியிலிருந்து இறக்கி, ஒரு தோட்டத்து லயத்திலும் ஒரு மீனவர் வாடியிலும் ஒரு விவசாயியின் திண்ணையிலும் அமரச் செய்வோமாக. இரண்டாம் மொழியைப் புள்ளிக்காகவன்றி, எதிரே இருப்பவரின் கதையைக் கேட்பதற்காகக் கற்பிப்போமாக. தேசப்படத்திலே வீதியைச் சிவப்புக் கோட்டாற் குறிக்கும்போது, அதன் கற்களைச் சுமந்தவர் யார், அதில் நடந்து வீழ்ந்தவர் யார், அதன் ஓரத்தில் இன்றும் நிலமின்றி நிற்பவர் யார் என்ற மூன்று வினாக்களையும் சேர்த்தே எழுதச் செய்வோமாக. விடைகளைத் தேடிப் புறப்படும் மாணவர்க்கு விடுமுறை போதாது, வாழ்நாள் வேண்டும்.